கரும்புத் தோட்டத்துக் கங்காணி மகன்

ரோபர்ட்டோ கிளமெண்டே என்ற பெயரை நம் தோட்டப்புறங்களில் கேள்விப்பட்டவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள். பந்து என்றால் நமக்குக் கால்பந்துதான். அதை விட்டால் கபடி. அவர் ஆடியதோ பேஸ்பால். ஆனால் அமெரிக்காவிலும் போர்ட்டோ ரீக்கோ, நிக்காராகுவா போன்ற நாடுகளிலும் அந்தப் பெயரைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட அறியும். அவர் பெயரில் பள்ளிகள் உண்டு, மைதானங்கள் உண்டு, பெரிய ஆற்றுப் பாலமே உண்டு.

பெரிய ஆட்டக்காரர் என்பதற்காக மட்டும் அவர் கதையை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கரும்புத் தோட்டத்தில் வளர்ந்தவர். அப்பா கங்காணி. பதினெட்டு ஆண்டுகள் ஒரே குழுவுக்கு ஆடிப் புகழடைந்தவர். ஒரே குழு என்றதும், ஆகா, என்ன விசுவாசம் என்று நாம் சொல்லிவிடுவோம். விசுவாசம் இருந்தது உண்மைதான். அந்த விசுவாசத்துக்கு அடியில் ஒரு சங்கிலியும் கிடந்தது. அதைத் தெரிந்துகொண்டால்தான் இந்த மனிதர் யார் என்பது நமக்கு விளங்கும்.

போர்ட்டோ ரீக்கோ கரீபியக் கடலில் உள்ள தீவு. 1898இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா கைக்கு மாறியது. கரும்புதான் அந்தக் காலத்தில் அங்கே பெரும் பிழைப்பு. ஆலை ஒருவனுடையது, நிலம் ஒருவனுடையது, வெட்டுக்கத்தி மட்டும் கூலிக்காரனுடையது. வெட்டும் பருவம் முடிந்துவிட்டால் பல மாதங்கள் வேலையே இருக்காது.

கரும்பு நமக்கும் புதிதல்ல. பேராக்கில் நம்மவர்களின் தோட்ட வாழ்க்கை ரப்பருக்கு முன்பே கரும்பில் தொடங்கிவிட்டது. பாரிட் புந்தார், பாகான் செராய் அடங்கிய கிரியான் வட்டாரத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்த கரும்புத் தோட்டங்களுக்கு நம் முன்னோர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கினார்கள். அந்தப் பக்கத்தில் கோலா குலா என்றே ஓர் ஊர் இருக்கிறது. குலா என்றால் மலாயில் சீனி. ரப்பர் பிறகுதான் வந்தது. இன்று அந்த ரப்பரும் போய், தோட்டம் இருந்த இடங்களில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் நிற்கின்றன. அது வேறு கதை.

1934 ஆகஸ்ட் 18ஆம் நாள், கரோலினா என்ற ஊரில், ஏழு பிள்ளைகளுள் கடைக்குட்டியாக ரோபர்ட்டோ பிறந்தார். அப்பா மெல்ச்சோர் கிளமெண்டே கரும்பு வெட்டும் ஆட்களுக்குக் கங்காணி. கடைக்குட்டி பிறந்தபோது அவருக்கு வயது ஐம்பதை எட்டியிருந்தது. அம்மா லூயிசா வாக்கர் நிலச்சொந்தக்காரர் வீட்டுக்குத் துணி வெளுத்துக் கொடுத்தார். பட்டினி என்று சொல்ல முடியாது, ஆனால் கையில் காசு நின்றதும் கிடையாது. பையனுக்கு ஒரு சைக்கிள் வேண்டும் என்று ஆசை. சும்மா வாங்கித் தர வழியில்லை. பக்கத்து வீட்டுக்குத் தினமும் பால் கேன் சுமந்து கொடுத்து, சல்லி சல்லியாகச் சேர்த்து, மூன்று ஆண்டுக்குப் பிறகு சைக்கிள் வாங்கினானாம். லாரியில் சாமான் ஏற்றி இறக்கும் வேலைக்கும் அப்பாவோடு போனான்.

ஆட்டம் எப்படி வந்தது என்று கேட்கலாம். நம்ம பிள்ளைங்க துணியைச் சுருட்டிப் பந்து கட்டுகிற மாதிரிதான் அங்கேயும். கொய்யாக் கிளை மட்டை. காப்பிக்கொட்டைச் சாக்கைத் தைத்துக் கையுறை. பையன் எங்கே போனாலும் ஒரு ரப்பர் பந்தைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டே இருப்பானாம், கை வலுப்பட வேண்டும் என்று. அந்த ரப்பர் எந்த நாட்டு மரத்துப் பாலோ, எந்தப் புண்ணியவதி விடியற்காலையில் வெட்டி இறக்கியதோ, யார் கண்டது! பள்ளியில் ஈட்டி எறிதலிலும் அவன்தான் முன்னே நின்றான். பின்னாளில் உலகமே வியந்த அந்தக் கையின் வீச்சுக்கு அஸ்திவாரம் அங்கேதான்.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் பள்ளியில் ஆடுகிற ரவுண்டர்ஸ், சாப்ட்பால் ஆகியவற்றுக்கு பேஸ்பால் அண்ணன் முறை. ஒருவர் பந்தை வீச, ஒருவர் மட்டையால் அடித்துவிட்டு, நான்கு மூலைகளையும் சுற்றி ஓடி வர வேண்டும். சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். அடித்த பந்து தூரம் போனால் அதைப் பிடித்துத் திருப்பி எறிவதற்கு மைதானத்தின் பின்பகுதியில் மூன்று பேர் நிற்பார்கள். அந்த மூவரில் வலது பக்கம் நிற்பவர் கிளமெண்டே. பத்துத் தடவை மட்டை பிடித்தால் மூன்று தடவை நல்ல அடி கிடைத்தவன் கெட்டிக்காரன் என்பது அந்த ஆட்டத்தின் கணக்கு.

பதினெட்டு வயதில் உள்ளூர் சந்தூர்சே குழுவில் வாரம் 40 டாலர் சம்பளம். 1954 பிப்ரவரியில் அமெரிக்காவின் புருக்ளின் டாட்ஜர்ஸ் குழு 10,000 டாலர் முன்பணம் தருவதாகச் சொல்ல, பையன் வாக்குக் கொடுத்துவிட்டார். பிறகு மில்வாக்கிக் குழு அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் தருகிறேன் என்று வந்தது. என்ன செய்வது? அம்மாவிடம் போனார். கொடுத்த வாக்கைக் காப்பாற்று என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். காப்பாற்றினார்.

ஆனால் அவருக்குக் கொடுத்த வாக்கை யார் காப்பாற்றினார்கள்? டாட்ஜர்ஸ் அவரைத் தன் பெரிய குழுவில் சேர்க்காமல், கனடாவில் மொன்றியல் நகரத்தில் இருந்த துணைக் குழுவுக்கு அனுப்பி, பாதி நாள் ஓரத்தில் உட்கார வைத்தது. அவ்வளவு முன்பணம் வாங்கியவரைப் பெரிய குழுவில் வைத்துக்கொள்ளாவிட்டால், ஆண்டு முடிவில் வேறு குழு எடுத்துக்கொள்ளலாம் என்பது அன்றைய விதி. 1954 நவம்பர் 22இல் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் குழு 4,000 டாலர் கட்டி அவரை எடுத்துக்கொண்டது. நம் நாட்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானதும் அதே 1954ஆம் ஆண்டில்தான். பிட்ஸ்பர்க்குக்குப் போகிறாயா என்று கிளமெண்டேயை யாரும் கேட்கவில்லை. மாடு கைமாறும்போது மாட்டையா கேட்கிறார்கள்?

நாம் சொன்ன சங்கிலி இதுதான். அந்தக் காலத்து பேஸ்பால் ஒப்பந்தங்களில் ஒரு ஷரத்து உண்டு. ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான். ஆனால் ஆண்டு முடிந்த பிறகும் ஆட்டக்காரர் அந்தக் குழுவுக்கே சொந்தம். முதலாளி நினைத்தால் விற்கலாம், மாற்றலாம், வீட்டுக்கு அனுப்பலாம். ஆட்டக்காரர் நினைத்து வேறிடம் போக முடியாது. போனால் ஆட்டமே கிடையாது. முன்பணக் கடனைக் காட்டி ஒரே தோட்டத்தில் ஆளைக் கட்டிப்போட்ட காலத்தை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். வேலை போனால் லயத்து வீடும் போய்விடும் என்று வாய் திறக்காமல் இருந்தவர்களை நேரிலேயே பார்த்திருக்கிறோம். ஆகவே இதை விளக்க நமக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

பிட்ஸ்பர்க் எஃகு ஆலைகளின் நகரம், உழைப்பாளிகளின் நகரம். பைரட்ஸ் 1952 முதல் 1955 வரை நான்கு ஆண்டும் தொடர்ந்து கடைசி இடத்தில் கிடந்த குழு. அங்கே போவதற்கு முன்பே வீட்டில் துக்கம். அண்ணன் லூயிஸ் மூளைக் கட்டியால் படுத்த படுக்கையாகி 1954 டிசம்பர் 31இல் இறந்து போனார். அந்த நாட்களிலேயே கார் விபத்தில் சிக்கி ரோபர்ட்டோவின் முதுகெலும்பு அடிபட்டது. அந்த முதுகு வலி அவரைச் சாகும்வரை விடவில்லை. 1955 ஏப்ரல் 17இல், தம்மைக் கைவிட்ட அதே டாட்ஜர்ஸுக்கு எதிராக, 13ஆம் எண் சட்டையோடு இறங்கினார். முதல் தடவை மட்டை பிடித்ததிலேயே நல்ல அடி.

கறுப்பர், அதோடு ஸ்பானிய மொழிக்காரர். இரண்டு பக்கமும் இடி. வசந்தப் பயிற்சிக்கு புளோரிடா மாநிலத்துக்குப் போவார்கள். அங்கே வெள்ளையர் சாப்பிடும் கடையில் கறுப்பருக்கு இடம் கிடையாது. வெள்ளை ஆட்டக்காரர்கள் இறங்கிச் சாப்பிட்டு வரும்வரை கறுப்பு ஆட்டக்காரர்கள் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், யாராவது கொண்டுவந்து கொடுப்பதைச் சாப்பிட வேண்டும். கிளமெண்டே இதைப் பொறுக்கவில்லை. நிர்வாகத்திடம் சண்டை பிடித்து, கறுப்பு ஆட்டக்காரர்கள் தனியே போய்த் தங்கள் விருப்பப்படி சாப்பிட ஒரு வண்டி வாங்கிக் கொடுத்தார்.

பத்திரிகைக்காரர்கள் வேறு மாதிரிக் குத்தினார்கள். ரோபர்ட்டோ என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. பாப் என்றும் பாபி என்றும் தாங்களாகவே பெயர் வைத்தார்கள். அட்டைப் படங்களிலும் அப்படியே அச்சடித்தார்கள். அவர் பேசிய ஆங்கிலத்தை உச்சரிப்பு மாறாமல் எழுதிக் கேலி செய்தார்கள். அவர் விடாமல், என் பெயர் ரோபர்ட்டோ என்று திருத்திக்கொண்டே இருந்தார். வலிக்கிறது என்றால் பாசாங்கு என்றார்கள். நோவு என்று சொல்லிப் பிரட்டுக்களத்தில் நின்றவனைச் சோம்பேறி என்று விரட்டியதை அறிந்தவர்களுக்கு இந்தப் பேச்சு பழக்கமானதுதானே! பாசாங்கு செய்தவர் அந்தக் குழுவுக்கு ஆடியது 2,433 ஆட்டங்கள். வலியோடு வாழ்ந்தே எலும்பு நீவும் வைத்தியத்தைத் தாமே கற்றுக்கொண்டு, ஊருக்குப் போனால் அக்கம்பக்கத்தாருக்கு முதுகு நீவிவிடுவார்.

1960இல் பைரட்ஸ் உலகத் தொடர் என்ற இறுதிப் போட்டிக்கு வந்தது. எதிரே நியூயார்க் யாங்கீஸ், பணக்காரக் குழு. ஏழு ஆட்டங்களையும் கூட்டிப் பார்த்தால் யாங்கீஸ் 55 ஓட்டம், பைரட்ஸ் 27 ஓட்டம். ஆனாலும் நான்குக்கு மூன்று என்று பைரட்ஸ் வென்றது. ஏழு ஆட்டத்திலும் கிளமெண்டே நல்ல அடி அடித்தார். அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் ஓட்டெடுப்பில் அவருக்குக் கிடைத்தது எட்டாவது இடம். அது அவர் மனத்தில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. நமக்கு அது தப்பாகப் படவில்லை. உழைப்புக்கு உரிய பேரைக் கேட்பது அகங்காரம் ஆகாது.

அதற்குப் பிறகு யாராலும் அவரை ஒதுக்க முடியவில்லை. 1961, 1964, 1965, 1967 ஆகிய நான்கு ஆண்டுகளில் அடித்தாட்டத்தில் லீக்கின் முதல்வர். இதில் 1965ஐப் பாருங்கள். மலேரியாக் காய்ச்சலில் விழுந்து, எடை குறைந்து, தள்ளாடிக்கொண்டு பருவத்தைத் தொடங்கியவர் அந்த ஆண்டும் முதல்வர். மலேரியா என்றால் என்ன என்று நம் பழைய ஆட்களைக் கேட்க வேண்டும். 1966இல் சிறந்த ஆட்டக்காரர் பட்டமும் வந்தது. தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருது 1961 முதல் 1972 வரை பன்னிரண்டு ஆண்டுகள் வரிசையாக. வலது மூலையில் சுவரோரம் பந்தைப் பொறுக்கி, உடம்பைச் சுழற்றி எறிவார். அது நேரே மூன்றாம் மூலையில் நிற்பவர் கையில் போய் உட்காரும். ஓடுகிறவன் பாதி வழியில் நின்று யோசிப்பான். அந்தக் கைக்குப் பயந்து ஓடாமல் நின்றவர்களின் கணக்கை எந்த ஏட்டிலும் எழுதவில்லை.

1967இல் அவருடைய சம்பளம் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரை எட்டியது. ஊரில் நல்ல வீடு, மனைவி வேரா, பிறகு மூன்று ஆண் பிள்ளைகள். இந்த இடத்தில் பலபேர் மாறிப்போவார்கள். தான் லயத்தை விட்டு வெளியேறியதும் லயத்தின் பக்கம் திரும்பாதவர்களை நாம் பார்த்ததில்லையா? கிளமெண்டே திரும்பிப் பார்த்தவர். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய அடக்கம் முடியும் முன் மட்டை பிடிப்பதில்லை என்று பைரட்ஸ் குழுவின் கறுப்பு ஆட்டக்காரர்கள் நின்றார்கள். அவர்களுக்கு முன்னே நின்றவர் கிளமெண்டே. வெள்ளைத் தோழர்களும் சேர்ந்துகொள்ள, ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்து 1969. செயின்ட் லூயிஸ் குழுவில் பன்னிரண்டு ஆண்டு ஆடிய கர்ட் ஃப்ளட் என்ற ஆட்டக்காரரை, அவரைக் கேட்காமலே பிலடெல்ஃபியாவுக்கு மாற்றிவிட்டார்கள். போக மாட்டேன், நான் விற்பனைச் சரக்கு அல்ல என்று அவர் எதிர்த்து நின்றார். ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் இருந்தது. 1966 முதல் அதை நடத்தியவர் மார்வின் மில்லர். அதற்கு முன் எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் வேலை செய்தவர், நம்ம சாதி ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வாண்டு டிசம்பரில் போர்ட்டோ ரீக்கோவின் சான் ஹுவான் நகரில் சங்கப் பேராளர்கள் கூடினார்கள். பைரட்ஸ் குழுவின் பேராளர் கிளமெண்டே. ஒரு லட்சம் டாலர் சம்பளக்காரருக்கு இந்த வம்பு எதற்கு? பேசாமல் இருந்திருக்கலாம். அவர் எழுந்து ஃப்ளட்டை ஆதரித்துப் பேசினார். பதினைந்து ஆண்டு முன்பு தம்மைக் கேட்காமல் கைமாற்றியதை அவர் மறக்கவில்லை. வழக்குக்குச் சங்கம் துணை நிற்பதென்று ஏகமனதாக முடிவானது.

வழக்கு தோற்றது. 1972 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஃப்ளட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனால் சங்கம் விடவில்லை. 1975 டிசம்பரில், வேறு இரண்டு ஆட்டக்காரர்கள் கொண்டுபோன புகாரில், ஒப்பந்தம் முடிந்தவர் சுதந்திரமானவர் என்று நடுவர் தீர்ப்பு வந்து சங்கிலி அறுந்தது. அதைப் பார்க்க கிளமெண்டே உயிரோடு இல்லை.

பிட்ஸ்பர்க்கை அவர் வெறுத்தாரா என்றால் இல்லை. அந்த ஊர் மக்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள், அவரும் அவர்களுக்கு ஆடினார். அவர் கேட்டதெல்லாம், இருப்பதும் போவதும் மனிதன் முடிவாக இருக்க வேண்டும் என்பதுதான்.

1971இல் மறுபடியும் உலகத் தொடர். எதிரே பால்டிமோர். முதல் இரண்டு ஆட்டத்திலும் பைரட்ஸ் தோல்வி. முப்பத்தேழு வயது கிளமெண்டே அப்போதுதான் ஆடத் தொடங்கினார் என்று சொல்ல வேண்டும். ஏழு ஆட்டங்களில் பன்னிரண்டு நல்ல அடிகள். கடைசி ஆட்டத்தில் பந்தை வேலிக்கு வெளியே அனுப்பினார். இரண்டுக்கு ஒன்று என்று வெற்றி. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். அமெரிக்கா முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்க, மைக்கைக் கொடுத்ததும் ஆங்கிலத்தில் தொடங்கவில்லை. முதலில் தாய்மொழியில், ஊரிலிருந்த அப்பாவையும் அம்மாவையும் விளித்து ஆசி கேட்டார். எந்த உச்சரிப்பை வைத்துக் கேலி செய்தார்களோ, அந்த வாயாலேயே.

1972 செப்டம்பர் 30இல் தம்முடைய 3,000ஆவது அடியை அடித்தார். அதற்கு முன் அந்தக் கணக்கை எட்டியவர்கள் பத்துப் பேர்தான். அவருடைய கணக்கு அந்த 3,000த்தோடு நின்றுவிட்டது.

அவ்வாண்டு டிசம்பர் 23இல் நிக்காராகுவாவின் தலைநகரான மனாகுவாவைப் பூகம்பம் தாக்கியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். சில வாரங்களுக்கு முன்புதான் போர்ட்டோ ரீக்கோவின் குழுவை அழைத்துக்கொண்டு அங்கே போயிருந்தார் கிளமெண்டே. பழகிய முகங்கள். உடனே நிவாரணக் குழுவுக்குத் தலைமை ஏற்று, வீடு வீடாகப் போய் உணவும் மருந்தும் துணியும் திரட்டினார். அனுப்பிய சரக்கு ஏழைகளுக்குப் போகவில்லை, சொமோசா ஆட்சியின் படையினர் மடக்கிக்கொள்கிறார்கள் என்று தகவல் வந்தது. நானே கூடப் போனால் எவனும் கை வைக்க மாட்டான் என்று அவர் முடிவு செய்தார்.

கிடைத்தது ஒரு பழைய சரக்கு விமானம். அதே மாதம் தரையில் ஓடும்போதே விபத்துக்குள்ளான விமானம் அது. அனுமதித்த எடையைவிட 4,000 ராத்தலுக்கு மேல் சரக்கு ஏற்றியிருந்தார்கள். அளவுக்கு மேல் ஆளை அடைத்துக்கொண்டு ஓடிய தோட்டத்து லாரிகள் நம் நினைவுக்கு வருகின்றன. ஏற்றுகிறவன் ஒருவன், சாகிறவன் ஒருவன். டிசம்பர் 31 இரவு, ஊரே புத்தாண்டுக்குக் காத்திருந்த நேரத்தில், சான் ஹுவானிலிருந்து கிளம்பிய விமானம் சற்று நேரத்தில் கடலில் விழுந்தது. உள்ளே இருந்த ஐவரும் மாண்டனர். கிளமெண்டேக்கு வயது 38. அண்ணன் லூயிஸ் இறந்ததும் இதே டிசம்பர் 31இல்தான். உடல் கிடைக்கவே இல்லை. பைரட்ஸ் குழுவில் அவருக்குத் தம்பி போலிருந்த மேனி சங்கியேன், நினைவுப் பிரார்த்தனைக்குக்கூடப் போகாமல் கடலில் முங்கி முங்கித் தேடிக்கொண்டிருந்தார்.

ஆடி ஓய்ந்து ஐந்து ஆண்டு கழிந்த பிறகே ஒருவரைப் புகழ் மண்டபத்தில் சேர்ப்பார்கள். கிளமெண்டேக்காக அந்த விதியைத் தள்ளி வைத்து, 1973 ஆகஸ்டில் சேர்த்தார்கள். லத்தீன் அமெரிக்காவிலிருந்து அந்த மண்டபத்துக்குள் போன முதல் ஆட்டக்காரர் அவரே. 21ஆம் எண் சட்டையை பைரட்ஸ் குழுவில் இனி யாரும் போடுவதில்லை என்று முடிவானது. பிட்ஸ்பர்க்கில் 2001இல் திறந்த புதிய மைதானத்தில், அவர் காவல் காத்த வலது பக்கத்துச் சுவரின் உயரம் 21 அடி.

மண்டபத்தில் வைத்த பட்டயத்திலும் அவர் பெயர் தப்பாகத்தான் இருந்தது. ஸ்பானிய வழக்கத்தில் தந்தை வழிப் பெயர் முதலில், தாய் வழிப் பெயர் அடுத்து. பட்டயத்தில் அதை மாற்றி, அம்மாவின் பெயரை நடுவில் செருகிவிட்டார்கள். எழுதுகிறவர் காதில் விழுந்தபடி பெயரை எழுதிவிட, அப்பனுக்கு ஒரு பெயர், பிள்ளைக்கு ஒரு பெயர் என்று பத்திரத்தோடு அலைந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! 2000ஆம் ஆண்டில் அந்தப் பட்டயத்தை எடுத்துவிட்டுப் புதிதாக வார்த்து வைத்தார்கள். இப்போது அதில் இருப்பது ரோபர்ட்டோ கிளமெண்டே வாக்கர்.